பெருங்கெண்டையைத் தேடி ஒரு குளிர்காலப் பயணம்

மைசூரில் மார்கழிக் குளிர் இறங்கத் தொடங்கிவிட்டால், இரயில்வே குடியிருப்பில் வாழும் எங்கள் நால்வருக்கும் எங்கேனும் சென்று வர வேண்டும் என்னும் ஆவல் எழுந்துவிடும். ஆண்டு முழுவதும் பிறருடைய பயணங்களுக்குக் கணக்கெழுதிக் கொண்டிருப்பவர்கள் நாங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் நாங்களும் பயணிகளாக வேண்டாமா? ஒரு முறை சோமநாதபுரம், மறுமுறை பிளிகிரிரங்கன் மலை, பிறிதொரு முறை தலைக்காவிரி என்று சென்று வந்தோம். சென்ற குளிர்காலத்தில் மட்டும் எங்கள் திட்டம் சற்றுப் பெரியதாக அமைந்துவிட்டது. காவிரியில் மீன் பிடிக்கச் செல்வது என்று தீர்மானித்தோம். அதுவும் சிறு மீன் அன்று. மகசீர் என்று பெயர் பெற்ற பெருங்கெண்டை.

இவ்வெண்ணத்துக்குக் காரணமானவர் எங்களுள் மூத்தவர். அசோகபுரம் இரயில் பட்டறையில் நெடுங்காலம் பணியாற்றியவர். நாங்கள் அனைவரும் அவரைப் பெரியண்ணன் என்றே அழைப்போம். ஜனவரி 31ஆம் நாள் அவருக்குப் பணி ஓய்வு. அதன் பின்னர்ப் பென்னாகரத்துக்கு அருகிலுள்ள தம் ஊருக்கே திரும்பிவிடுவதென்று முடிவு செய்திருந்தார். அவருடைய தந்தையார் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். பெரியண்ணன் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, அவர் உயரத்துக்கு ஒரு பெருங்கெண்டை தந்தையின் வலையில் சிக்கியதாம். பரிசலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வலையையும் கிழித்துக்கொண்டு அது போய்விட்டதாம்.

"அந்த மீனை ஒரு தடவையாவது கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், தம்பி. ஊருக்குப் போவதற்குள் முடியுமா?" என்று அவர் கேட்டார். முடியும் என்று நாங்கள் வாக்குக் கொடுத்துவிட்டோம். வாக்குக் கொடுத்த பிறகுதான் அந்த மீனைப் பற்றி விசாரிக்கவே தொடங்கினோம்!

குமாஸ்தாக்கள் திட்டம் தீட்டினால் அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாமல் முடியுமா? மாலை தோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடினோம். பயணச் செலவு, உணவுச் செலவு, விடுப்புக் கணக்கு எல்லாம் எழுதப்பட்டன. மழைக்காலம் கழிந்து காவிரியின் கலங்கல் தெளியும் குளிர்காலமும், அதை அடுத்து வரும் கோடையின் தொடக்கமுமே தூண்டிலுக்கு ஏற்ற பருவம் என்று அறிந்தோம். இரை என்ன தெரியுமா? ராகிக் களி! களியைக் கெட்டியாகக் கிண்டி, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டித் தூண்டில் முள்ளில் குத்திப் போடுவது காவிரிக் கரையின் வழக்கம். இந்த மீனுக்குத் தாடையில் பல் இல்லை. ஆனால் தொண்டையில் உள்ள பற்களால் நண்டின் ஓட்டையும் நொறுக்கிவிடும். எங்கள் வீட்டு அம்மையார் இதைக் கேட்டு, "மீனுக்குக் களி கிண்டும் பாக்கியம் எனக்குத்தான் எழுதியிருக்கிறதா?" என்று சிரித்தார்கள்.

மேலும் விசாரித்தபோது, இந்த மீனின் பெருமை நம் மைசூரையே சுற்றி வருகிறது என்று கண்டு வியந்தோம். வேட்டை விலங்குகளைப் பாடம் செய்வதில் உலகப் புகழ் பெற்ற வான் இங்கன் குடும்பத்தினரை மைசூர்வாசிகள் அறிவார்கள். அக்குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தென்னாப்பிரிக்கப் போயர் தளபதிகளின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். அவர்களுள் ஒருவரான டிவெட் வான் இங்கன் 1946ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கபினி ஆற்றில் தூண்டிலிட்டு ஒரு மகசீரைப் பிடித்தார். அதன் எடை 120 பவுண்டு. அதாவது ஏறத்தாழ 54 கிலோ. தூண்டிலில் பிடிபட்ட மகசீர்களுள் மிகப் பெரியது என்று இன்றும் பேசப்படுவது அதுவே. திருமுக்கூடல் நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கும் அதே கபினிதான். அன்று நாங்கள் நால்வரும் மிக்க உற்சாகத்தோடு வீடு திரும்பினோம்.

ஆனால் நோட்டுப் புத்தகத்தின் அடுத்த பக்கங்கள் அவ்வளவு இனிமையாக அமையவில்லை. சிவசமுத்திர நீர்வீழ்ச்சியைக் கடந்த காவிரி, மேகதாட்டை நோக்கிக் காட்டுக்குள் பாயும் வழியில் பீமேஸ்வரி, தொட்டமக்களி, காலிபோர் என்னும் இடங்கள் உள்ளன. மீன் பிடிப்பதற்கென்றே வெளிநாட்டாரும் வந்து தங்கிய முகாம்கள் அங்கு இருந்தன. பிடித்த மீனை எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் விதி. அப்பகுதி 1987 முதல் காவிரி வனவிலங்குச் சரணாலயமாக விளங்குகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் தூண்டிலுக்கும் இடமில்லை என்று கொள்ளப்பட்டதால், அந்த விளையாட்டு அங்கே நின்றுபோயிற்று.

அம்முகாம்களில் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த கணக்கை அறிஞர்கள் பின்னர் ஆராய்ந்தார்கள். கணக்கெழுதுவோர்க்கு இது பெருமை தரும் செய்தியல்லவா? ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மீன்களைப் பற்றிய குறிப்பு அது. அதில் ஓர் உண்மை வெளிப்பட்டது. காவிரியில் இப்போது மிகுதியாகக் கிடைப்பது நீலத் துடுப்புடைய மகசீர். அது 1970களில் தொடங்கிக் குஞ்சு பொரிக்கச் செய்து கொண்டுவந்து விடப்பட்ட வேற்றிடத்து மீன். காவிரிக்கே உரியதும், முதுகில் திமில் போன்ற மேடு உடையதுமான பழைய பெருங்கெண்டையோ, ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. வான் இங்கன் பிடித்ததும், பெரியண்ணனின் தந்தையார் தவறவிட்டதும் இந்தத் திமில் மீனாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்களுக்குப் பட்டது.

இத்தனை புகழ் பெற்ற அம்மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானது 2018ஆம் ஆண்டில்தான் என்றால் நம்புவீர்களா? அமராவதி வழியாகக் காவிரியைச் சேரும் கேரளத்துப் பாம்பாற்றில் கண்டெடுத்து, 2007இல் பெயரிட்ட மீனும் இதுவும் ஒன்றே என்று அப்போது தெளிந்தார்கள். அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலிலும் அதைச் சேர்த்தார்கள். பெயர் வைத்த கையோடு ஆபத்து என்றும் எழுத வேண்டியதாயிற்று. அணைகள், மணல் அள்ளுதல், வெடி போட்டு மீன் பிடித்தல், வேற்று மீனின் பெருக்கம் ஆகியவை சேர்ந்து இந்நிலைக்குக் கொண்டுவந்துவிட்டன. இன்று அம்மீனுக்கு எஞ்சியுள்ள புகலிடங்களுள் முக்கியமானது தமிழகத்து மாயாறு. அதுவும் பவானியோடு சேர்ந்து காவிரிக்கே வரும் ஆறு.

எங்களுள் ஒருவரின் மைத்துனர் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வசிக்கிறார். அவர் தொலைபேசியில் ஒரு புதுமையைச் சொன்னார். அங்கே வின்னபேகோ என்னும் ஏரி குளிர்காலத்தில் உறைந்துவிடும். பிப்ரவரியில் மக்கள் பனிக்கட்டியின் மேல் சிறு குடிசை அமைத்து, துளை அறுத்து, ஸ்டர்ஜன் என்னும் மீனை ஈட்டியால் குத்திப் பிடிப்பார்களாம். அந்தப் பெண் மீன் முட்டையிடும் பருவத்தை அடைய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே அரசாங்கம் உரிமச் சீட்டு கொடுக்கிறது. பிடித்த ஒவ்வொரு மீனையும் பதிவு செய்ய வேண்டும். இத்தனை மீன் என்று வகுத்த அளவை எட்டியவுடன் அவ்வாண்டுப் பருவத்தையே முடித்துவிடுகிறார்கள். "அங்கே எண்ணிப் பிடிக்க மீன் இருக்கிறது. நம் ஆற்றில் எண்ணிப் பார்க்கவே மீன் இல்லையே!" என்றார் நண்பர். எவரும் மறுமொழி சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் நட்புக்கே ஒரு சோதனை வந்தது. எங்களுள் இளையவர் ஒரு மாலை மிக்க மகிழ்ச்சியோடு வந்தார். ஆற்றோரத்து ஊரில் ஒருவரைப் பிடித்திருப்பதாகவும், அவர் இரவில் பரிசலில் சென்று மடுவில் வெடி போட்டுப் பெரிய மீனாகவே கொடுத்துவிடுவார் என்றும், அதற்கு 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டதாகவும் கூறினார். அவர் தீய எண்ணம் உடையவர் அல்லர். பெரியண்ணனிடம் பேரன்பு கொண்டவர். கொடுத்த வாக்கை எப்படியேனும் காப்பாற்ற வேண்டும் என்னும் தவிப்புத்தான் அவரை அவ்வாறு செய்வித்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். எங்களுக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது. ஒரே ஒரு மீன்தானே, ஒரே ஒரு முறைதானே என்று மனம் கணக்குப் போட்டது. ஆனால் வெடியின் கணக்கு வேறு. அதன் அதிர்ச்சியில் மீனின் உள்ளிருக்கும் காற்றுப்பை வெடித்துவிடும். பெரிய மீனோடு மடுவிலுள்ள குஞ்சுகளும் மடியும். மிதந்து வருபவை சில. அடியில் அமிழ்ந்து எவருக்கும் பயன்படாமல் அழுகுபவை பல.

பெரியண்ணன் அன்று ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றுவிட்டார். இரண்டு நாள் திண்ணைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து இளையவரை அருகில் அமர்த்திக்கொண்டார்.

"எங்கள் அப்பா சாகிற வரைக்கும் அந்த மீன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், தம்பி. வலை கிழிந்து போயிற்றே என்று ஒரு நாளும் வருந்திச் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். வெடியில் செத்ததை என் கையில் கொண்டுவந்து கொடுத்தால், நான் என் பேரனுக்கு என்ன கதை சொல்லுவேன்?" என்றார்.

இளையவரின் முகம் கறுத்துவிட்டது. "உங்களுக்காகத்தானே செய்தேன், அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனவர், ஒரு வாரம் எங்கள் பக்கமே வரவில்லை. முன்பணத்தை நால்வரும் பகிர்ந்து கொள்வோம் என்று சொல்லி அனுப்பினோம், அதையும் ஏற்கவில்லை.

தூண்டில் திட்டம் அத்துடன் நின்றது. எனினும் பெரியண்ணனுக்குக் கொடுத்த வாக்கு நிற்கிறதே! அப்போது நினைவுக்கு வந்தது இராமநாதபுரம். நம் சேதுநாட்டு இராமநாதபுரம் அன்று. ஹாசன் மாவட்டத்தில், காவிரிக் கரையில், இராமேஸ்வரர் கோயில் கொண்டுள்ள சிற்றூர். அங்கே கோயிலை ஒட்டிய துறையில் மகசீர் மீன்களைத் தெய்வத்தின் மீன்களாகப் போற்றி வருகிறார்கள். எவரும் வலை வீசுவதில்லை. வருவோர் பொரி வாங்கித் தூவுவார்கள்.

ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், விடியுமுன் மைசூர் நிலையத்தில் கூடினோம். மூவராகத்தான் போக வேண்டும் போலும் என்று வருந்தி நின்ற வேளையில், கம்பளிக் குல்லாயும் இரண்டு பெரிய பொரி மூட்டைகளுமாக இளையவர் நடைமேடையில் வந்துகொண்டிருந்தார். "அங்கே விலை அதிகமாக இருக்கும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பெரியண்ணன் அவருக்குச் சன்னலோர இடத்தைக் கொடுத்தார்.

சாகரக்கட்டை அருகே வண்டி கிருஷ்ணராஜ சாகரத்தின் பின்னீரைக் கடக்கும்போது பொழுது புலர்ந்தது. நீரின் மேல் பனிப்புகை படர்ந்திருந்தது. 1911இல் கட்டத் தொடங்கிய இந்த அணையினால் எத்தனை வயல்கள் விளைந்தன! அதே அணை, ஆற்றை எதிர்த்து ஏறும் மீனுக்குச் சுவராகவும் நிற்கிறது. கிருஷ்ணராஜ நகரத்தில் இறங்கிப் பேருந்து பிடித்து இராமநாதபுரம் சேர்ந்தோம். இறைவனை வணங்கிவிட்டுப் படித்துறைக்குச் சென்றோம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பிடி பொரி விழுந்ததும் நீருக்குள் கருநிழல்கள் அசைந்தன. இன்னொரு பிடி விழுந்தவுடன் நீரே கொதித்தது போலாயிற்று. முழங்கை நீளமும் அதற்கு மேலும் உள்ள மீன்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி வந்தன. உள்ளங்கையில் பாதியளவு செதில்கள் வெயிலில் மின்னின. அவற்றுள் திமில் மீன் இருந்ததாக நாங்கள் சொல்ல மாட்டோம். ஆயினும் அதே குலத்து மீன்கள்.

பெரியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் படியில் அமர்ந்து, பொரியோடு கையை நீருக்குள் வைத்தார். ஒரு பெரிய மீன் வந்து அவர் விரல்களை வாயால் கவ்வி, பல்லில்லாத அவ்வாயால் பொரியை உறிஞ்சிவிட்டு நழுவிற்று. அதன் முதுகு அவர் உள்ளங்கையில் முழுமையாக உரசிச் சென்றது. அவர் உரக்கச் சிரித்தார். அவருடைய தந்தையாரும் இப்படித்தான் சிரித்திருப்பார் போலும் என்று எண்ணினோம். இளையவர் மட்டும் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். நால்வருமாக இரண்டு மூட்டைப் பொரியையும் தீர்த்துவிட்டுத்தான் எழுந்தோம்.

செலவுக் கணக்கில் தூண்டிலுக்கென்று ஒதுக்கிய தொகை அப்படியே மிஞ்சியிருந்தது. அதில் பெரியண்ணனின் ஓய்வு நாளன்று ஒரு விருந்து வைத்தோம். பெப்ரவரியில் அவர் பென்னாகரம் சென்றுவிட்டார். அடுத்த தை மாதம் பேரனை அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மைசூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். வரும் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறன்று உங்கள் பிள்ளைகளை இராமநாதபுரம் படித்துறைக்கு அழைத்துச் செல்லுங்கள். பொரியைத் துணிப்பையில் கொண்டு செல்லுங்கள்; பிளாஸ்டிக் உறையை ஆற்றில் விடாதீர்கள். அங்கே ஓடும் நீர்தான் நம் ஊர்களுக்கும் போகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எவரேனும் வெடி மீன் கொண்டுவந்து விற்றால், மலிவு என்று வாங்காதீர்கள். காலை வண்டியில் சென்றால், மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.