பெயருக்கு முன் சீட்டு

மலையகப் பூச்சிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பற்றியதேயாகும். தேயிலை இலைகளை நூலாற் பிணைத்து, உள்ளிருந்தே உண்ணும் புழுவொன்று உண்டு. அதன் அந்துப்பூச்சியை 1861இல் நீற்னர் என்பார் கோப்பியின் பகையாக விவரித்தார். கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னும் அது மலையை விட்டு நீங்கவில்லை. அதனை அடக்க 1935-36இல் யாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. நட்டம் விளைத்தமையால் அதற்கொரு வரலாறு வாய்த்தது.

நட்டம் விளைக்காத அந்துகளின் நிலை வேறு. மஸ்கெலியாவிற் பிடித்து அனுப்பப்பட்ட நுண்ணிய அந்துகள் பலவற்றுக்கு இங்கிலாந்திலிருந்த எட்வர்ட் மெய்ரிக் பெயரிட்டார். ஊர்ப்பெயர் தாங்கிய அச்சிறு சீட்டே அவற்றின் பிறப்புச் சான்று. பழைய மஸ்கெலியா நகரோ 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துள் மூழ்கிவிட்டது. ஊர் மறைந்தும் சீட்டு நிலைத்தது.

விடுமுறை நாட்களில் நான் நாடிச் செல்வன, காடழித்துத் தேயிலை நட்டபோது ஓடையோரங்களில் தப்பிய முதுமரங்களை. நிழலுக்கென நட்ட சவுக்கு மரத்தை ஆங்கிலேயர் 'சில்வர் ஓக்' என்றனர். அது ஓக்கும் அன்று, இந்நாட்டு மரமும் அன்று, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இம்முதுமரங்களோ தேயிலைக்கு முற்பட்டவை. அவற்றுள் ஒன்றின், இலைக்கன் படர்ந்த பட்டையில், நெல்மணியளவான சாம்பல்நிற அந்து ஒன்றை மூன்றாண்டுகளில் இருமுறையே கண்டேன். மழை ஓய்ந்த மாலையில் அது அங்கு வந்தமரும் என்று எனக்குச் சொன்னவர், அம்மலையிற் கொழுந்து பறித்தே முதிர்ந்த என் அப்பாயி. அவருடைய அறிவு எந்நூலிலும் ஏறியதில்லை.

பதிவின் அருமையை எம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இத்தீவிற் பிறந்தோரிடமே தந்தை இங்கு பிறந்தமைக்கும், இன்றேற் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்கும் சான்று கேட்டது. லயங்களிற் பிறந்த பலரிடம் அத்தகைய தாள் இருக்கவில்லை. தலைமுறைகள் வாழ்ந்தும், எழுதப்படாத காரணத்தால் அவர்கள் நாடற்றோராயினர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

அந்துக்கும் மனிதர்க்கும் நிகர் கூறுதல் என் கருத்தன்று. எழுதாது விடப்பட்டதைப் பிற்காலத்தில் மெய்ப்பித்தல் அரிது என்பதே நான் உணர்ந்தது. முதுமரம் வீழ்ந்தால் அதில் வாழ்ந்தது எது என்று எவரும் வினவப்போவதில்லை. நுண்ணந்தின் இனத்தை நிறுவ நுணுக்குக்காட்டியும் வல்லுநரும் வேண்டும். சீட்டெழுத ஒரு பென்சில் போதும். நாள், இடம், உயரம், மரம் ஆகியவற்றை என் சீட்டிற் குறித்துள்ளேன். இனப்பெயருக்குரிய இடம் இன்னும் வெறுமையாகவே உள்ளது. 'விவரம் கூறியவர்' என்னும் இடத்தில் அப்பாயியின் முழுப்பெயரை எழுதியிருக்கிறேன்.