வண்டிக்கு அடியில் உப்பு

தருவைகுளத்திலிருந்து கேரளாவுக்கு மீன் ஏற்றுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மினி லாரி வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. முதல் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) கொண்டுபோகும் முன் அடியில் தண்ணீர் அடித்தபோது, பேட்டரிப் பெட்டியைத் தாங்கும் பிராக்கெட் கையோடு வந்துவிட்டது. சேஸியின் குறுக்குச் சட்டத்தில் துரு செதில் செதிலாகப் பெயர்ந்து நின்றது. சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, உப்புத்தண்ணீர் ஒழுகுகிற வண்டிக்குத் துரு வாரண்டியில் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் இதற்கெல்லாம் கலங்காத ஆள் அவர். "எழுதுறதுக்கு உமக்கு விஷயம் கிடைக்கும், வாரும்" என்று தூத்துக்குடியில் எட்டயபுரம் சாலையோரம் இருக்கும் டிங்கர் பட்டறைக்கு என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

தகரக் கூரை, வேலியோரம் கழற்றிப் போட்ட மட்கார்டுகள், நடுவில் ஒரு குழி. வரிசையில் நின்றவை பெரும்பாலும் உப்பு லாரிகளும் மீன் வண்டிகளும்தான். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது தமிழ்நாட்டில். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில். ஆகவே இந்த ஊரில் துருவுக்கு வேலை குறையாது, டிங்கருக்கும் குறையாது.

மேஸ்திரிக்கு அறுபதை ஒட்டிய வயது. நண்பர் அவரை "அண்ணாச்சி" என்றார், நானும் அப்படியே அழைத்தேன். கையில் ஒரு சுத்தியல். அதன் ஒரு முனை தட்டை, மறுமுனை உளியாகச் சீவியது. பிடி அவரே கருவேலங்கட்டையில் செதுக்கிப் போட்டது. கை பட்டுப் பட்டு நடுவில் இடுப்பு விழுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். தட்டை முனையால் சேஸியைத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். டங், டங், டங். ஓரிடத்தில் "தொப்" என்றது. நிறுத்தினார். மறுபடி தட்டினார். தொப். அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம்.

வட்டம் போட்ட இடத்தில் பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. சுத்தியலைத் திருப்பி உளிமுனையால் ஒரு கொத்து. உள்ளங்கை அளவுக்கு ஒரு செதில் கீழே விழுந்தது. எடுத்து என்னிடம் கொடுத்தார். பரோட்டாவைப் போல அடுக்கடுக்காக இருந்தது, நசுக்கினால் பொடிந்தது. "கண்ணு ஏமாத்தும் சார். காது ஏமாத்தாது" என்றார்.

இரும்பு துருவானால் முன்பு இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அதனால்தான் இரண்டு தகடு சேரும் இடத்தில் துரு புகுந்தால் தகடுகளை நெம்பிப் பிரிக்கிறது, ரிவெட்டைத் தெறிக்கவிடுகிறது. அண்ணாச்சி வட்டம் போட்ட இடங்கள் எல்லாம் மறைவிடங்கள். சேஸிக்கும் பாடிக்கும் நடுவே வைக்கும் கட்டைக்கு அடியில், ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையில், டீசல் டேங்கைக் கட்டிய பட்டிக்குள், சகதி அடைத்த வடிகால் துளைகளின் ஓரத்தில். காற்று படும் இடம் காய்ந்துவிடும். சகதி பூசிய இடம் காய்வதே இல்லை.

இங்கே துருப்பிடிக்க மழையே வேண்டாம் என்பதுதான் விஷயம். சாப்பாட்டு உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூட வேண்டாம். கடற்கரை ஊரின் இரவுக் காற்றில் இதெல்லாம் தாராளம். வெயிலில் நின்ற லாரி ராத்திரி தானாக நனைகிறது. அந்த ஈரமும் சும்மா தண்ணீர் இல்லை, மின்சாரம் கடத்தும் உப்புநீர். துருவேறுதல் அடிப்படையில் ஒரு மின்வேதி வேலை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுக்க, காரைக்குடியில் 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி), மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றில் நிறுத்திவைத்து அரிமானத்தை அளந்துவருவதும் இதற்காகத்தான். பாம்பன் பழைய பாலத்தின் தூக்குப் பகுதி துருவேறிப் பலமிழந்ததால்தான் 2022 டிசம்பரில் அங்கே ரயில் நின்றது. பாலத்துக்கு அந்தக் கதி என்றால் மீன் வண்டி எம்மாத்திரம்?

அண்ணாச்சியின் இடது கருவிழியில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. கேட்கலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, நண்பரே கேட்டுவிட்டார். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பன்னிரண்டு வயதில் கையாளாக வந்தவர். பையன்களைத்தான் அடியில் அனுப்புவார்களாம். உடம்பு சின்னது, சந்தில் நுழையும். மல்லாந்து படுத்து உப்பு லாரியைச் சுரண்டும்போது ஒரு துகள் கண்ணில் விழுந்தது. மூத்த கையாள் வேட்டி முனையைத் திரித்து எடுத்துப் பார்த்தார். வரவில்லை. "ரெண்டு நாள் கழிச்சி ஆஸ்பத்திரியில துகளை எடுத்துட்டாவ. அதைச் சுத்தித் துரு வளையம் கட்டியிருந்துச்சி. அதைச் சுரண்டுனதுலதான் இந்தத் தழும்பு" என்றார். கருவிழியில் தங்கிய இரும்பு சில மணி நேரத்திலேயே துரு வளையம் கட்டும். கண்ணிலும் ஈரம் உண்டு, உப்பும் உண்டு. அதற்குப் பிறகும் நாற்பது சொச்ச வருடம் அவர் மல்லாந்துதான் கிடந்திருக்கிறார். அவருடைய மகன் இந்தப் பக்கம் வரவில்லை. இப்போது அடியில் போகிறவர்கள் பீகார்ப் பையன்கள்.

அழுகிய துண்டை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு அடித்ததைப் பற்றி நான் எழுத எதுவும் இல்லை. வெளிச்சத்துக்குப் பயந்து திரும்பி நின்றேன். ஜிங்க் பூசிய தகட்டை வெல்டு அடித்தால் வரும் புகையில் அன்று ராத்திரியே காய்ச்சல் அடிக்கும் என்பது மட்டும் காதில் விழுந்தது.

நான் கண் எடுக்காமல் பார்த்தது கழுவுவதைத்தான். கடலோரத்துப் போர்த்தண்ணீர் உவர். அந்தத் தண்ணீரில் வாட்டர் சர்வீஸ் செய்தால் சகதி போகும், உப்பு மறுபடி ஏறும். அண்ணாச்சி இதற்கென்று டேங்கரில் நல்ல தண்ணீர் வாங்கி வைத்திருக்கிறார். முதலில் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, பிறகு கழுவினார்கள். காய்ந்ததும் விரலை எச்சிலில் தொட்டு இரும்பில் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "கரிக்குது. இன்னொரு தண்ணி அடிங்கடே" என்றார். மறுபடி கழுவல், மறுபடி காய்தல், மறுபடி நாக்கு. கரிப்பு போனபிறகுதான் ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறக்கவிட்டார். உப்பு இருக்கும்போதே மேலே பூசினால் பெயின்ட் கொப்புளித்துக்கொண்டு வரும். ரப்பர் கோட்டிங் என்று தடிமனாக அடித்துவிட்டால் இன்னும் மோசம்; ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்து மூடியதாகிவிடும், வெளியே தெரியவும் தெரியாது.

சுரண்ட எட்டாத மூலைகளுக்கு ஒரு பாட்டில் மருந்து தடவினார். துரு கறுப்பாக மாறியது. இதில் சில வகை டானிக் அமிலம் கலந்தவை. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகும் என்பது கலம்காரிக்காரர்களுக்குப் பழைய சங்கதி. பாட்டிலில் அடைத்து ஆங்கிலப் பெயர் ஒட்டினால் நாம் புதிது என்கிறோம். கழிவு ஆயில் அடிக்கும் பழக்கத்தை அண்ணாச்சி முழுக்க ஒதுக்கவில்லை. சேஸிக்கு உள்பக்கம் லேசாக அடிக்கலாம் என்கிறார். ஆனால் ரப்பர் புஷ்ஷில் பட்டால் ஊதிப்போகும், பிரேக் பக்கம் ஒழுகினால் உயிருக்கே ஆபத்து. அடியில் படுக்கிறவன் தலையெல்லாம் அந்தக் கரி ஆயில்தான்.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன். புது லாரிக்கு முதல் எஃப்சி இரண்டு வருடத்தில், எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒன்று, அதற்குமேல் வருடா வருடம். பல முதலாளிகள் பட்டறைக்கு நேரில் வருவதில்லை. புரோக்கர் மொத்தத்துக்குப் பேசி வாங்கிக்கொண்டு, அதில் ஒரு பங்கைப் பட்டறைக்குத் தருகிறார். முதலில் வெட்டு விழுவது கழுவலிலும் காயவைக்கும் நாளிலும். அது வெளியே தெரியாதே! "பெயின்ட் வேணாம்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாவ. கழுவுறதுக்குத்தான் காசு தர மாட்டாவ" என்றார் அண்ணாச்சி. பழைய வண்டி விற்கிற புரோக்கர்கள் இன்னும் ஒருபடி மேல். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய அந்த நாட்களில், மூழ்கிக் கிடந்த வண்டிகள் வரிசையாக இங்கே வந்தனவாம். "அடியில கறுப்பு மட்டும் அடிச்சி விடுங்க அண்ணாச்சி, வெளியூர்ல தள்ளிடுவோம்." அடித்துக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "குடுத்தேன் சார். நாலு பேருக்குக் கூலி குடுக்கணும்லா" என்றார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பிரேக் பைப் அரித்துப்போன வண்டியை மை பூசி மலைப்பாதைக்காரன் தலையில் கட்டுகிறவனுக்குக் கமிஷன் உண்டு. நாக்கில் உப்புப் பார்க்கிற மனிதருக்குத் தினக்கூலிக் கணக்கு. இதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வண்டி கவிழ்ந்தால் பேப்பரில் "பிரேக் பிடிக்காமல்" என்று ஒரு வரி வரும். பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று அடுத்த வரி வருவதில்லை.

கடலோரத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். ஐப்பசி மழைக்கு முன்பே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், வடிகால் துளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள், முழுக்கக் காய்ந்த பிறகு பூசுங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அடியில் மட்டும் புதுக் கறுப்பு மின்னினால் ஒரு டிங்கரைக் கூட்டிப்போய்த் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறையில் விடும்போது "நாளைக்கே வேணும்" என்று நெருக்காமல், காய்கிற நாளுக்கும் கூலி கொடுங்கள். அடியில் படுக்கிற பையன்களுக்கு ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். ஒரு டப்பா பெயின்ட் விலைகூட ஆகாது.