டிக் டிக் சாஸ்திரம்

1948-இல் இங்கிலாந்தில் பிறந்த மோரிஸ் மைனர் ஜாதிக்கு வாய் உண்டு. சாவியைத் திருப்பியதும் அதன் மின்சாரப் பெட்ரோல் பம்பு 'டிக் டிக்' என்று படபடக்கும். கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் அடங்கிவிடும். அடங்காமல் புலம்பினால்தான் வைத்தியம் தேவை.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகையில், பெருமாள்மலைக்கருகே எங்கள் கிழவண்டி அப்படிப் புலம்பி, நின்றும் போயிற்று. டாங்கியில் பெட்ரோலுக்குக் குறைவில்லை. எங்கும் மூடுபனி, பின்னால் லாரி வரிசை, வண்டிக்குள் எண்பது வயது அத்தை. "சாலை போடுமுன் டோலியில் ஏறினார்களாம். டோலி இப்படிப் புலம்பியதாகக் கேட்டதில்லை" என்றாள்.

"உயரத்தில் பெட்ரோல் ஆவியாகிவிடும், பம்பின்மேல் ஈரத்துணி போடுங்கள்" என்றார் ஒருவர். உயரம் ஏற ஏறப் பெட்ரோல் எளிதில் ஆவியாவது மெய்தான். ஆயினும் பற்கள் தந்தியடிக்கும் அந்தக் குளிரில் இக்காரணம் எனக்கு ஒப்பவில்லை. பம்பையே மாற்றச் சொன்னார் இன்னொருவர். அந்த நடுமலையில் பம்புக்கு எங்கே போவது?

ஒரு லாரி டிரைவர் மட்டும், அருகிலிருந்தவர்களின் பீடிகளை அணைக்கச் செய்து, பம்பின் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றினார். நுனியைச் சிறிது பெட்ரோல் ஊற்றிய புட்டியில் அமிழ்த்திச் சாவியைத் திருப்பச் சொன்னார். குமிழிகள் ஓயவேயில்லை. பம்பு பெட்ரோலோடு காற்றையும் குடித்துக்கொண்டிருந்தது! டாங்கியிலிருந்து வரும் குழாயின் மூட்டு தளர்ந்திருந்தது. ஸ்பானரால் அரைச் சுற்று முறுக்கினார். டிக் டிக், டிக்... மௌனம்.

அத்தை நீட்டிய ரூபாயை அவர் தொடவில்லை. சீடைப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.