காங்கேசன்துறையில் ஒரு விரிகோணம்

குடாநாட்டின் வரைபடத்தில் யாழ்ப்பாண நகர், காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய மூன்றையும் கோடுகளால் இணைத்துப் பாருங்கள். செங்கோண முக்கோணி என்றே பலரும் சொல்வர். (இலங்கைப் பாடநூல்களின் 'முக்கோணி'யைத் தமிழ்நாட்டு அன்பர்கள் 'முக்கோணம்' என வாசித்துக்கொள்க.) நகரிலிருந்து வடக்கே காங்கேசன்துறை, அங்கிருந்து கிழக்கே பருத்தித்துறை. கண் சொல்வது இது. கணக்குச் சொல்வது வேறு.

நெட்டாங்கு, அகலாங்குகளை மிக அண்மித்த கலைக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு பாகையில் 60 கலைகள். மூன்று இடங்களுக்கும் 80 பாகை கிழக்கும் 9 பாகை வடக்கும் பொது என்பதால் கலைகளை மட்டும் எழுதினாற் போதும். நகர் (1, 40). காங்கேசன்துறை (3, 49). பருத்தித்துறை (14, 49). நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் இங்கு இரு திசைகளிலும் ஒரு கலை ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர்தான். ரொறன்ரோவிலோ கிழக்கு மேற்காக ஒரு கலை ஏறக்குறைய 1.3 கிலோமீற்றராகச் சுருங்கிவிடும். அங்கு இக்கணக்கை அப்படியே போட முடியாது.

இனிப் பைதகரசின் தேற்றம். நகருக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான தூரத்தின் வர்க்கம் 4 + 81 = 85. காங்கேசன்துறை - பருத்தித்துறை 121. நகர் - பருத்தித்துறை 169 + 81 = 250. மூன்றும் வேறுபடுவதால் இது சமனில் பக்க முக்கோணி. சிறிய இரண்டின் கூட்டுத்தொகை 206. அது 250 ஆக இருந்திருந்தால் செங்கோணம். குறைவாக இருப்பதால் விரிகோணம். காங்கேசன்துறையில் அமையும் கோணம் 102 பாகையளவில் வரும். நகர் சரி தெற்கே இல்லாமல் இரண்டு கலை மேற்கே ஒதுங்கியிருப்பதே காரணம்.

நிற்க. இதற்காக எவரும் நாடாவோடு நிலத்தில் இறங்க வேண்டியதில்லை என்பதே இக்கணிதத்தின் சிறப்பு. எமக்கு அது வெறும் வசதி அன்று. 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின், அந்த விரிகோண உச்சி உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டது. மயிலிட்டி, பலாலி வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் கரையோரப் பக்கமும் அறுந்தது. முக்கோணியின் ஓர் உச்சியையும் ஒரு பக்கத்தையும் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. தொடருந்து காங்கேசன்துறையை மீண்டும் எட்டியது 2015 சனவரியில். மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017இல். இன்னும் உரியவர் கைக்கு வராத காணிகள் அங்கு உண்டு.

நலன்புரி முகாமில் பிறந்த பிள்ளைக்குத் தன் தகப்பனாரின் ஊர் ஒரு கதை மட்டுமே. தேசப்படத்திலிருந்து இரண்டு எண்களை எடுத்து, அவ்வூர் எத்தனை கிலோமீற்றரில், எத்திசையில் இருக்கிறது என்று அப்பிள்ளை தானே கணித்துவிட்டால், கதை இடமாகிவிடுகிறது. காவலரணைக் கடக்க அனுமதி வேண்டும். கணக்கைச் செய்ய வேண்டியதில்லை.

ஆகவே கணித ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆள்கூற்றுக் கேத்திரகணிதம் படிப்பிக்கையில் A, B, C என்ற பெயரில்லாப் புள்ளிகளை விடுத்து, பிள்ளைகளின் ஊர்களையே உச்சிகளாக வையுங்கள். புலம்பெயர்ந்த அன்பர்களும் தம் ஊரோடு வேறு இரண்டைச் சேர்த்துக் கணித்துப் பார்க்கலாம். எந்த வகை முக்கோணி கிடைத்தது என்று எழுதுங்கள்.