செட்டப்

“அதெல்லாம் செட்டப் பாஸ், துப்பாக்கியைப் புடுங்கத்தான்” என்றார் ஹார்ட்ஃபோர்டில் என்னோடு வேலை பார்த்த நண்பர், தயிர்சாதத்தைப் பிசைந்தபடி. 2012 டிசம்பர் 14, சாண்டி ஹூக் பள்ளி. ஆறேழு வயதில் 20 குழந்தைகள், 6 பெரியவர்கள். அந்தப் பொய்யைப் பரப்பிய அலெக்ஸ் ஜோன்ஸ் 96.5 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று 2022இல் நடுவர் குழு சொன்னதே என்றேன். “அதுவும் செட்டப்தான்.” எந்த டெஸ்ட்டிலும் ஃபெயிலே ஆகாத புரோகிராமைப் பார்த்தால் நான் டெஸ்ட்டைத்தான் சந்தேகப்படுவேன்.

துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிப்பதை விரிவாக்கும் மசோதா 2013இல் செனட்டில் 54 வாக்கு வாங்கியும் தோற்றது. 60 வேண்டுமாம். குழந்தைகள் செத்தது தெரிந்தேதான் தோற்கடித்தார்கள்.

நண்பர்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் சமீபத்தில் இன்னொரு பள்ளி, இன்னொரு செய்தி. எத்தனை பேர் என்று மட்டும் பார்த்துவிட்டு, விரலால் மேலே தள்ளிவிட்டேன். எனக்கும் தெரியும்தானே?