காலை ரயிலில் மொனாக்கோ

மொனாக்கோவுக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் பலர் அந்தி சாயும் நேரம் பார்த்துத்தான் போகிறார்கள். சூதாட்டக் கூடத்தில் விளக்கு எரியும், வாசலில் விலை உயர்ந்த கார்கள் நிற்கும், படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். என்னைக் கேட்டால் காலையில் போகச் சொல்வேன். பிரான்ஸின் நீஸ் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் வேலை நாளில் எட்டு மணிக்கு முன்னால் கிளம்பும் வண்டியில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். சமையற்காரர்கள், கொத்தனார்கள், வங்கி ஊழியர்கள், குழந்தை பார்த்துக்கொள்ளும் பெண்கள் என்று பெட்டி நிறைந்திருக்கும். பாதிப் பேர் நின்றபடியே தூங்கிக்கொண்டு வருவார்கள். வலப் பக்கம் மத்தியதரைக் கடல் அப்படியொரு நீலத்தில் விரிந்து கிடக்கும். அவர்களுக்கு அது தினமும் பார்க்கிற கடல்.

வண்டி போய் நிற்பது மலையைக் குடைந்து கட்டிய நிலையத்தில். 1999-இல் அதைத் திறந்தார்கள். வெளியே ஓடிய தண்டவாளத்தைப் பாறைக்குள் கொண்டுபோனதில் மேலே நிலம் மிச்சமானது. நாடே சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான் என்னும்போது ஒரு தண்டவாளம் ஓடும் அகலமும் சொத்துதான். குடியிருப்பவர்கள் 38,000-க்குச் சற்று மேல். அவர்களில் மொனாக்கோ குடியுரிமை உள்ளவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. அங்கே வேலை பார்ப்பவர்களோ 50,000-க்கும் அதிகம். பெரும்பாலோர் பிரான்ஸிலிருந்து வருகிறார்கள், கொஞ்சம் பேர் இத்தாலியிலிருந்து.

நிலையத்திலிருந்து இறங்கி நடந்தால் அரண்மனைப் பாறையின் அடியில் கொண்டமின் சந்தை. 1880 முதல் நடக்கிறது. அங்கே பார்பாஜுவான் என்றொரு பலகாரம் கிடைக்கும். நம் சோமாசி மாதிரி இருக்கும். உள்ளே தேங்காய்ப் பூரணத்துக்குப் பதிலாகக் கீரையும் ரிக்கோட்டா பாலாடைக்கட்டியும். எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு காகிதத்தில் வைத்துத் தந்த அம்மா, "கொஞ்சம் ஆறட்டும், நாக்கு பொத்துவிடும்" என்று கையால் சைகை காட்டினார். எல்லைக்கு அந்தப் பக்கம், இத்தாலியின் வென்டிமிலியாவிலிருந்து தினமும் வருகிறாராம். இங்கே வீடு பார்க்கவில்லையா என்று கேட்டேன். கோபமில்லாமல் சிரித்தார். "இங்கே வாடகை கொடுக்கிற ஆள் என் கடையில் நின்று சாப்பிட மாட்டார்" என்றார்.

இந்த நாடு ஒரு காலத்தில் ஏழை நாடு. மென்டன், ரோக்புரூன் என்ற இரண்டு ஊர்களும் எலுமிச்சை, ஆலிவ் விளைச்சல் மீது போட்ட வரி தாங்காமல் 1848-இல் பிரிந்துகொண்டன. 1861-இல் அவற்றைப் பிரான்ஸிடம் ஒப்படைத்து 40 லட்சம் பிராங்க் வாங்கிக்கொண்டார் மொனாக்கோவை ஆண்ட இளவரசர் மூன்றாம் சார்லஸ். நிலத்தில் சுமார் 95 சதவீதம் போய்விட்டது. மிஞ்சியது ஒரு பாறையும் ஒரு துறைமுகமும்தான். 1863-இல் பிரான்சுவா பிளாங்க் என்ற சூதாட்டத் தொழிலதிபர் வந்தார், 1868-இல் ரயில் வந்தது. பணம் கொட்டத் தொடங்கியதும் 1869-இல் குடிமக்கள் மீதான நேரடி வரிகளை எடுத்துவிட்டார்கள். சூதாட்டக் கூடம் நின்ற குன்றுக்கு சார்லஸின் பெயரையே வைத்து மான்டே கார்லோ என்றார்கள்.

அந்தக் கூடத்தில் மொனாக்கோ குடிமக்கள் சூதாடக் கூடாது என்பது சட்டம், இன்றும் அப்படித்தான். தன் மக்களைக் காக்கும் ஏற்பாடு என்று இதைப் புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அது உறுத்துகிறது. தன் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்த ஒன்றை ஊரான் பிள்ளைக்கு விற்பது சரியில்லை. இப்போது அரசின் வருமானத்தில் பெரும் பங்கு மதிப்புக் கூட்டு வரியிலிருந்துதான் வருகிறது, சூதாட்டத்திலிருந்து அல்ல. ஆனாலும் எல்லாம் தொடங்கிய இடம் அது.

அந்தப் பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டுமானால் பாறையின் மறுபக்கம் போக வேண்டும். ஏறுவதற்கு மூச்சு வாங்க வேண்டாம். ஊர் முழுக்கப் பொது லிஃப்டுகளும் நகரும் படிகளும் உண்டு. காசு கிடையாது, யார் என்று யாரும் கேட்பதில்லை. முட்டி வலிக்காரர்கள் அந்த ஊரை வாழ்த்துவார்கள்.

செங்குத்தான பாறையிலிருந்து எழுந்து நிற்கிறது 1910-இல் திறந்த கடலியல் அருங்காட்சியகம். அதைக் கட்டிய மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட் வெறும் புரவலர் அல்ல. தாமே கப்பலில் போய் ஆண்டுக்கணக்கில் ஆழ்கடலை ஆராய்ந்தவர். முகப்பில் கடலாய்வுக் கப்பல்களின் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார். உள்ளே ஒரு திமிங்கிலத்தின் முழு எலும்புக்கூடு தொங்குகிறது. 1901-இல் அவருடைய 'பிரின்சஸ் ஆலிஸ்' கப்பலில் சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரண்டு விஞ்ஞானிகள் போனார்கள். மிதந்து வந்து கொட்டும், சொறிமுட்டை போன்ற ஓர் உயிரியின் நஞ்சை ஆராயும்படி தூண்டியவர் ஆல்பர்ட். கரைக்குத் திரும்பி, கடல் சாமந்தியின் நஞ்சை வைத்து அதே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள். முதல் முறை நஞ்சைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவுக்கே நிமிடங்களில் செத்துப்போனது. அனபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமையை உலகம் அப்படித்தான் தெரிந்துகொண்டது. ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊர் மருத்துவமனையில் பென்சிலின் ஊசிக்கு முன்னால் கையில் துளி மருந்து போட்டுப் பார்க்கிறார்களே, அந்த எச்சரிக்கையின் வேர் இந்தக் கப்பலில் இருக்கிறது. எத்தனையோ உயிர்களைக் காத்த அறிவு இது. அந்த மண்டபத்தில் நின்றபோது எனக்கு மொனாக்கோ மீது உண்மையான மரியாதை வந்தது.

அந்த மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும். கடலைத் தூர்த்து நிலம் உண்டாக்குவது இவர்களுக்குக் கைவந்த கலை. ஃபோன்வியேய் பகுதியே அப்படி வந்ததுதான். 2024 டிசம்பரில் மாரெடெரா என்று மேலும் 6 ஹெக்டேர் சேர்த்து, பெரும் பணக்காரர்களுக்கு வீடு கட்டியிருக்கிறார்கள். தன் குடிமக்களுக்குக் குறைந்த வாடகையில் அரசே வீடு தருகிறது. அது நல்ல காரியம். அடுப்படியில் நிற்பவர்களுக்கும் சாரத்தில் ஏறுபவர்களுக்கும் அந்தப் புது நிலத்தில் ஒரு மூலையாவது ஒதுக்கியிருக்கலாம். முடியாத நாடு என்றால் கேட்க மாட்டேன். கடலையே நகர்த்தத் தெரிந்தவர்களிடம் கேட்கலாம்.

நீங்கள் போவதாக இருந்தால் ஒரு வார்த்தை. தொகுப்புச் சுற்றுலாவில் மொனாக்கோவுக்கு இரண்டு மணி நேரம்தான் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சூதாட்டக் கூடத்தின் வாசலுக்குப் பத்து நிமிடம் போதும். ஆல்பர்ட்டின் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.