நம்ம ஊர் மழை கடலைச் சேரும் இடம்

இந்த வார இறுதியில் எஸ்டேட் நண்பர்கள் எல்லாரும் குடும்பத்தோடு வேன் பிடித்துக் கொடுங்கல்லூர் போய் வந்தோம். நம்ம மலையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள் பக்கம் போகாமல் மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, சாலக்குடி வழியாகப் பயணம்.

நம்ம கூழாங்கல் ஆறும் நடுமலை ஆறும் சோலையார் அணைக்குப் போகின்றன. அந்த நீரில் ஒரு பங்கு, 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி கொங்குச் சமவெளிக்கு. ஒரு பங்கு கேரளத்துக்கு. அது சாலக்குடிப் புழையாகிப் பெரியாற்றில் கலந்து, முனம்பம் அருகே கடலைச் சேர்கிறது.

கொடுங்கல்லூரில் கோட்டப்புரம் காயலில் படகில் போனோம். சங்கப் பாடல்கள் பேசும் முசிறித் துறைமுகம் இந்தப் பக்கம்தான். மேற்கு மலை மிளகு இங்கிருந்துதான் ரோமாபுரிக்குக் கப்பலேறியது. கூட வந்த, கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் காயல் நீரைக் கையில் அள்ளி, "இதுல நம்ம மழைத் தண்ணியும் இருக்கா கண்ணு?" என்று கேட்டார். இருக்கு அக்கா, நிச்சயமா இருக்கு.

கூழாங்கல் ஆற்றுக்குக் குளிக்க வருகிறவர்களே, பாட்டிலையும் பிளாஸ்டிக் பையையும் அங்கே போட்டுவிட்டுப் போகாதீர்கள். கீழே காயலில் வலை வீசிப் பிழைக்கிறவர்களும் இந்த ஆற்றை நம்பித்தான் இருக்கிறார்கள்.